கட்டிலருகே நிற்கும் ஆசிரியர்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய எழுத்து வடிவம்)



வளரும் நாடுகளிலும் நெருக்கடிக்கு ஆளான நாடுகளிலும் செவிலியர் கல்வியையும் பணியையும் வலுப்படுத்துவது பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். இந்தத் தலைப்பில் எதைப் பேசினாலும் பொருந்திவிடும். அதுதான் இதில் உள்ள சிக்கல். நிதி போதவில்லை, கட்டடம் இல்லை, ஆள் இல்லை, ஆள் கிடைத்தாலும் வெளிநாட்டுக்குப் போய்விடுகிறார் என்று ஒரு மணி நேரம் வரிசையாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடலாம். அப்படிப்பட்ட உரைகளை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம்; கைதட்டியும் இருக்கிறோம். நான் இன்று ஒரே ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மாணவி தன் கையால் செய்ய, அனுபவமுள்ள ஒரு செவிலியர் பக்கத்தில் நின்று பார்த்துத் திருத்த, நோயாளியின் கட்டிலருகே நடப்பதே செவிலியர் கல்வியின் உயிர்ப்பகுதி. அப்படிப் பக்கத்தில் நிற்பவரை டியூட்டர் என்போம், கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர் என்போம், சில இடங்களில் அவர் வெறும் சீனியர் சிஸ்டர்தான். போரோ பூகம்பமோ கொள்ளைநோயோ பொருளாதாரச் சரிவோ, எது வந்தாலும் ஒரு நாடு முதலில் இழப்பது இவரை. உதவிப் பணம் வரத் தொடங்கும்போது கடைசியாக நினைவுக்கு வருபவரும் இவர்தான். செவிலியர் கல்வியை மீட்க நினைப்பவர்கள் இவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்பது என் வாதம். என் சொந்த அனுபவம் தமிழ்நாட்டு வார்டுகளோடு நின்றுவிடுகிறது. மற்ற நாடுகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் வெளியான ஆய்வுகளையும் அறிக்கைகளையும் படித்து அறிந்தவை.

1. எண்ணிக்கைக்குள் மறைபவர்

உலக சுகாதார நிறுவனம் 2025இல் வெளியிட்ட உலகச் செவிலியர் நிலை அறிக்கையின்படி, 2023இல் உலகில் இருந்த செவிலியர் 2 கோடியே 98 லட்சம் பேர். பற்றாக்குறை 58 லட்சம். இருப்பவர்களில் 78 சதவீதம் பேர் பணியாற்றும் நாடுகளில் வாழ்வது உலக மக்களில் பாதிக்கும் சற்றுக் குறைவானோர். ஏழு செவிலியரில் ஒருவர் பிறந்த நாட்டுக்கு வெளியே வேலை பார்க்கிறார்.

இந்த 58 லட்சத்தைப் பார்த்ததும் எந்த அமைச்சகமும் முதலில் போடும் கணக்கு, எத்தனை சீட் கூட்டலாம் என்பதுதான். சீட் கூட்டுவது எளிது. ஓர் அரசாணை போதும். ஒரு மாணவி செவிலியராக மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். அவருக்கு வார்டில் சொல்லிக்கொடுக்கும் பக்குவம் உள்ள செவிலியர் உருவாக, அதற்கு மேலும் குறைந்தது ஐந்தாறு ஆண்டுகள் நோயாளிகளோடு இருந்தாக வேண்டும் என்பது என் கணிப்பு. ஆனால் புள்ளிவிவரத்தில் அவரும் ஒரு செவிலியர்தான். நேற்றுத் தேர்வு எழுதி வந்தவரும் ஒன்று, இருபது ஆண்டு லேபர் வார்டில் நின்றவரும் ஒன்று. இரண்டாமவர் விமானம் ஏறினால் கணக்கில் ஒன்று குறையும். அவரிடம் கற்றிருக்க வேண்டிய முப்பது நாற்பது பேர் அந்த ஆண்டு என்ன கற்றார்கள் என்பது எந்த அட்டவணையிலும் வராது.

2. ஹைட்டி, 2010

2010 ஜனவரி 12, செவ்வாய்க்கிழமை, மாலை ஐந்து மணி ஆக ஏழு நிமிடம். போர்ட்-ஓ-பிரின்ஸ் நகரில் அரசுப் பொது மருத்துவமனையை ஒட்டியிருந்த தேசிய செவிலியர் பள்ளி இடிந்து விழுந்தது. வகுப்பு நடந்துகொண்டிருந்த நேரம். எண்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் இறந்தனர். இரண்டாம் ஆண்டு வகுப்பு ஏறக்குறைய முழுதாகப் போயிற்று. ஆசிரியர்களும் இறந்தனர். எஞ்சிய மாணவியருக்கு வகுப்பறை வேண்டுமானால் ஒரு கூடாரத்தில் கிடைத்துவிடும். கற்பிப்பவர்களை எந்தக் கப்பலில் கொண்டுவந்து இறக்குவது?

அதே மாலையில், தலைநகருக்கு மேற்கே, பூகம்பத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்த லெயோகான் என்ற ஊரில் நடந்தது வேறு. அந்த ஊரின் கட்டடங்களில் பெரும்பகுதி தரைமட்டமாயின. அங்கே 2005இல் தொடங்கப்பட்ட செவிலியர் கல்லூரி ஒன்று இடியாமல் நின்றது. ஹைட்டியில் நான்காண்டுச் செவிலியர் பட்டப்படிப்பை முதன்முதலில் தந்த கல்லூரி அது. முதல் அணி 2009இல்தான் பட்டம் பெற்று வெளியேறியிருந்தது. முதல்வர் ஹில்டா அல்சிந்தோர், ஹைட்டியில் பிறந்து அமெரிக்காவில் நெடுங்காலம் செவிலியராக இருந்துவிட்டு, இந்தக் கல்லூரிக்காகத் திரும்பி வந்தவர்.

நிலம் ஆடி முடிந்த சிறிது நேரத்திலேயே காயம்பட்டவர்கள் கல்லூரி மைதானத்துக்கு வரத் தொடங்கினர். கதவைப் பெயர்த்து அதில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். முதல் சில நாட்களுக்கு வெளியிலிருந்து மருத்துவ அணிகள் எதுவும் வந்து சேரவில்லை. முதல்வரும் ஆசிரியர்களும் மாணவியரும்தான் அந்த ஊருக்கு மருத்துவமனை. புண்ணைக் கழுவிக் கட்டுவது, கிடைத்த பலகையைச் சிம்பாக வைத்து உடைந்த எலும்பைக் கட்டுவது, யாரை முதலில் பார்ப்பது என்று வரிசை பிரிப்பது, இடையே பிரசவம். ஆயிரக்கணக்கானோர் அந்த மைதானத்தில் பராமரிக்கப்பட்டனர்.

இதை வீரக் கதையாகச் சொல்வதில் எனக்கு ஆர்வமில்லை. நான் கேட்பது வேறு: பாடம் முடிக்காத இருபது வயதுப் பெண்கள் எப்படி அந்த இரவில் வேலை செய்தார்கள்? அவர்களோடு அவர்களுடைய ஆசிரியர்கள் இருந்தார்கள். 'சிஸ்டர், இதைப் பாருங்கள்' என்று கூப்பிட ஆள் இருந்தது. தலைநகரில் அந்தக் குரலுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் இடிபாட்டுக்கு அடியில் இருந்தார்கள்.

அதே ஆண்டு அக்டோபரில் அந்த நாட்டில் காலரா பரவியது. நூறாண்டுக்கும் மேலாக ஹைட்டி கண்டிராத நோய். காலரா சிகிச்சை பெரும்பாலும் செவிலியரின் கைவேலை என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். நீர் வற்றிச் சுருங்கிய நரம்பில் ஊசி ஏற்ற வேண்டும், டிரிப் வேகத்தைக் கணக்கிட வேண்டும், போனது எவ்வளவு, ஏற்றியது எவ்வளவு என்று இரவு முழுக்க எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் நூறில் ஒருவர்கூட இறக்கத் தேவையில்லாத நோயில் அங்கே ஏறக்குறைய பத்தாயிரம் பேர் இறந்தனர்.

3. கெனிமா, 2014

மேற்கு ஆப்பிரிக்க எபோலாவில் 11,300 பேருக்கு மேல் இறந்தனர். சுகாதாரப் பணியாளர்களில் ஏறக்குறைய 880 பேருக்குத் தொற்றியது. 510 பேருக்கு மேல் உயிரிழந்தனர். பொதுமக்களைவிடச் சுகாதாரப் பணியாளருக்குத் தொற்றும் வாய்ப்பு 21 முதல் 32 மடங்கு அதிகமாக இருந்தது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் கணக்கிட்டது. தொற்றியவர்களில் பாதிக்கு மேல் செவிலியரும் செவிலியர் உதவியாளரும்.

சியரா லியோனின் கெனிமா அரசு மருத்துவமனையில் லாசா காய்ச்சலுக்கென்று தனி வார்டு ஒன்று பல காலமாக இருந்தது. எபோலா போலவே இரத்தக்கசிவை உண்டாக்கும் காய்ச்சல் அது. ஆகவே நாட்டிலேயே அந்த வகை நோயாளியைத் தொட்டுப் பராமரிக்கத் தெரிந்த செவிலியர்கள் அங்கேதான் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைமைச் செவிலியர் எம்பாலு ஃபோனி. நோயுற்ற சக செவிலியர் ஒருவரைப் பராமரித்தபோது அவருக்கும் தொற்றியது. 2014 ஜூலையில் இறந்தார். அந்த வார்டின் மருத்துவர் ஷேக் உமர் கான் அதே மாதம் 29ஆம் தேதி இறந்தார். அந்த எபோலா வைரஸின் மரபணுவைப் பற்றிச் சில வாரங்களில் சயின்ஸ் இதழில் ஒரு கட்டுரை வெளியானது. அதை எழுதியவர்களில் ஐந்து பேர் கட்டுரை அச்சாவதற்குள் எபோலாவுக்குப் பலியாகியிருந்தனர். எம்பாலு ஃபோனியின் பெயர் அந்த ஆசிரியர் பட்டியலில் இருக்கிறது.

ஃபோனியோடு போனது என்ன என்பதைச் சொல்ல ஒரு சிறிய வேலையை எடுத்துக்கொள்கிறேன்: கவச உடையைக் கழற்றுவது. அணிவதைவிடக் கழற்றுவதுதான் ஆபத்து. உடையின் வெளிப்புறம் முழுக்க நோயாளியின் வாந்தியும் இரத்தமும் பட்டிருக்கும். உள்ளே வெக்கை, ஒரு மணி நேரத்துக்கு மேல் தாங்காது. கை நடுங்கக் களைத்து வெளியே வரும் அந்த நேரத்தில்தான் நிதானம் வேண்டும். எதிரே ஒருவர் நின்று ஒவ்வொன்றாகச் சொல்வார். குளோரின் நீரில் கையைக் கழுவு. ஏப்ரனை அவிழ். மறுபடி கழுவு. முன்னால் குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு கண்ணாடியை எடு. முகத்தைத் தொடாதே. மறுபடி கழுவு. அவசரப்படுபவரை அதட்டி நிறுத்துவார். இந்த வரிசையைச் சுவரில் ஒட்டலாம், ஒட்டியும் இருந்தார்கள். ஆனால் களைத்தவர் சுவரைப் படிப்பதில்லை. எதிரே நிற்பவர் சொன்னால்தான் கை கேட்கும். அந்த எதிரே நிற்கும் ஆளுக்கு அதிகாரமும் அனுபவமும் இருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண் சீனியரை அதட்ட முடியாது. கெனிமாவில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் முதல் சில வாரங்களிலேயே இறந்தார்கள்.

4. மலாவி: பணம் வந்தபோது

மலாவியில் நெருக்கடி வேறு வகை. இடிபாடு இல்லை, போர் இல்லை. ஒரு பக்கம் எச்.ஐ.வி. செவிலியரையே கொண்டுபோயிற்று, மறுபக்கம் பிரிட்டன் வேலை கொடுத்து அழைத்துக்கொண்டது. 2004இல் அரசு ஓர் அவசரத் திட்டம் தொடங்கியது. பிரிட்டனும், எய்ட்ஸ், காசநோய், மலேரியாவுக்கான உலகளாவிய நிதியமும் பணம் தந்தன. முக்கியமான 11 பணிப்பிரிவுகளுக்குச் சம்பளத்தின் மேல் 52 சதவீதம் கூடுதலாகத் தரப்பட்டது. பயிற்சிப் பள்ளிகள் விரிவாக்கப்பட்டன. 2009க்குள் அந்தப் பிரிவுகளில் ஆள் எண்ணிக்கை 53 சதவீதம் உயர்ந்தது. இதைச் சாதனை என்றே சொல்வேன். சம்பளத்தை உயர்த்தினால் ஆள் நிற்பார் என்று சொல்ல ஆய்வு தேவையில்லை என்பவர்களுக்கு, பல கொடையாளர்கள் சம்பளத்துக்குப் பணம் தரவே மாட்டோம் என்று அதுவரை பிடிவாதம் பிடித்தார்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

ஆனால் பள்ளியில் மாணவர் கூடியபோது வார்டு கூடவில்லை. அதே கட்டில்கள், அவற்றைச் சுற்றி இப்போது முன்பைவிட அதிக மாணவர். வார்டில் கற்பிக்க ஆளில்லை என்ற குறை மலாவியின் செவிலியர் கல்வி ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வருகிறது.

இந்த நிலை எப்படி இருக்கும் என்பதை நான் கற்பனை செய்ய வேண்டியதில்லை, இங்கேயே பார்த்திருக்கிறேன். மாணவியரிடம் ப்ரொசீஜர் புத்தகம் இருக்கும். கதீட்டர் போட்டது, ஆக்சிஜன் கொடுத்தது, பிரசவம் பார்த்தது என்று ஒவ்வொன்றுக்கும் எத்தனை முறை என்று கட்டம் போட்டிருக்கும். பார்த்தது, உதவியது, தானே செய்தது என்று தனித்தனி. கடைசிக் கட்டம் கையெழுத்து. தேர்வு நெருங்கும் வாரத்தில் அந்தப் புத்தகங்கள் ஒரு கட்டாக டியூட்டி ரூம் மேசைக்கு வரும். மதியச் சாப்பாட்டுக்கு முன் அத்தனையிலும் கையெழுத்து விழும். போட்டவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது; அறுபது நோயாளிகளுக்கு நடுவே அவர் யாரை நின்று பார்த்திருக்க முடியும்? ஆனால் அந்தக் கையெழுத்தை நம்பித்தான் செவிலியர் கவுன்சில் பதிவு தருகிறது. அந்தப் பதிவை நம்பித்தான் ஒரு கர்ப்பிணி வந்து படுக்கிறார்.

5. ஆப்கானிஸ்தான்: கட்டி, பின் உடைத்தது

இந்த உரையில் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்ள நினைக்கும் நாடு இது.

2002இல் நடந்த ஓர் ஆய்வின்படி ஆப்கானிஸ்தானில் உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு 1,600 தாய்மார் இறந்துகொண்டிருந்தனர். வடகிழக்கில், பதக்சான் மாகாணத்து ராக் மாவட்டத்தில் அந்த எண் 6,500ஐத் தாண்டியது. உலகில் எங்கும் அதற்கு முன் அப்படி ஓர் எண் பதிவானதில்லை. நாடு முழுவதற்கும் பயிற்சி பெற்ற மிட்வைஃப்கள் அப்போது 467 பேர். ஆண் மருத்துவரிடம் மனைவியைக் காட்ட மாட்டோம் என்ற குடும்பங்கள் பெரும்பான்மை. பள்ளிப்படிப்பை முடித்த பெண்களோ மிகக் குறைவு. முதல் தாலிபான் ஆட்சியில் பெண் கல்வி நிறுத்தப்பட்டிருந்தது.

அந்த நிலையில் தொடங்கிய சமூக மிட்வைஃப் பயிற்சித் திட்டம், நான் படித்தவற்றில் மிகக் கூர்மையாகச் சிந்திக்கப்பட்ட ஒன்று. எந்த ஊருக்கு மிட்வைஃப் வேண்டுமோ அந்த ஊரிலிருந்தே பெண்ணைத் தேர்ந்தெடுத்தார்கள். ஊர்ப் பெரியவர்களையும் குடும்பத்தாரையும் உட்கார வைத்துப் பேசி, படித்து முடித்ததும் ஊருக்கே திரும்பி வேலை பார்ப்பார் என்று உறுதி வாங்கினார்கள். பயிற்சி மாகாணத் தலைநகரில், விடுதி உண்டு. கைக்குழந்தையோடு வந்த மாணவியரும் இருந்தனர். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஏற்பாடு இருந்தது. முதலில் பதினெட்டு மாதமாக இருந்த படிப்பு பிறகு இரண்டாண்டாயிற்று.

என் வாதத்துக்கு மிக முக்கியமானது அடுத்தது. இந்தப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் தர ஒரு தேசிய வாரியம் அமைத்தார்கள். பள்ளிக்கு எத்தனை அறை, எத்தனை நூல் என்பதோடு வாரியம் நிற்கவில்லை. மாணவி பயிற்சி பெறும் மருத்துவமனை எப்படி இருக்கிறது, அங்கே அவரோடு நின்று கற்பிப்பவர் யார், அவர் எப்படிக் கற்பிக்கிறார் என்பதையும் நேரில் வந்து பார்த்தது. தேறாத பள்ளி திருத்திக்கொண்டு மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். போரிலிருந்து இன்னும் வெளியே வராத ஒரு நாடு இதைச் செய்தது. நம்மூரில் ஆய்வுக் குழு வரும் நாளில் பக்கத்துக் கல்லூரியிலிருந்து ஆசிரியர்களைக் கூட்டிவந்து நிறுத்தும் கதைகளைக் கேட்டவர்கள் இந்த அவையில் இருக்கக்கூடும். அதற்கு மேல் நான் சொல்ல வேண்டாம்.

மிட்வைஃப்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. 2005இல் அவர்களுக்கென்று ஒரு சங்கமும் வந்தது. முதல் அணிகளில் படித்த பெண்களில் சிலர் பின்னாளில் அடுத்த அணிகளின் ஆசிரியர்களானார்கள். 2020க்கு ஐ.நா. அமைப்புகள் மதிப்பிட்ட தாய் இறப்பு விகிதம் 620. 2002 ஆய்வின் முறை வேறு, இந்த மதிப்பீட்டின் முறை வேறு. இரண்டையும் நேராகக் கழித்துப் பார்ப்பது முறையன்று. இந்தக் குறைவில் சாலைக்கும் பாதுகாப்புக்கும் மருந்துக்கும் பங்குண்டு. ஆனால் திசை தெளிவு.

2021 ஆகஸ்டில் தாலிபான் திரும்பியது. 2022 டிசம்பரில் பெண்களுக்குப் பல்கலைக்கழகம் மூடப்பட்டது. செவிலியர், மிட்வைஃப் படிப்பு தரும் மருத்துவப் பயிற்சி நிறுவனங்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. மேலே படிக்க நினைத்த பெண்கள் பலர் அந்த ஒரே வாசலில் வந்து சேர்ந்தார்கள். 2024 டிசம்பரில் அதுவும் அடைக்கப்பட்டது.

ஏற்கெனவே பயிற்சி பெற்ற பெண்கள் இன்னும் பணியில் இருக்கிறார்கள். அதனால் உடனே எதுவும் நின்றுவிடவில்லை என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பார்க்காதது, கற்பவர் இல்லாமல் கற்பிப்பவர் நிலைக்க முடியாது என்பது. மாணவியே வராத லேபர் வார்டில் ஒரு மூத்த மிட்வைஃபின் அறிவு அவரோடு ஓய்வு பெறும், அல்லது அவரோடு ஈரானுக்கோ ஐரோப்பாவுக்கோ போகும். தடையைப் பத்தாண்டு கழித்து எடுத்தாலும், அன்றைக்குச் சேரும் மாணவியின் பக்கத்தில் நிற்க யார் இருப்பார்? 2002இல் 467 பேரிலிருந்து தொடங்கினார்கள். அடுத்த முறை எந்த எண்ணிலிருந்து தொடங்க நேரும் என்று யோசிக்க வேண்டும். ஆண் ஆசிரியரைக் கொண்டு இந்த இடத்தை நிரப்பவும் அந்தச் சமூகத்தில் வழியில்லை. 2025 ஆகஸ்ட் 31 இரவு கிழக்கே குனார் பகுதியில் பூகம்பம் வந்து 2,200 பேருக்கு மேல் இறந்தபோது, காயமுற்ற பெண்களைத் தொட்டுப் பராமரிக்கப் பெண் பணியாளர் போதவில்லை. உலக சுகாதார நிறுவனம் பெண் சுகாதாரப் பணியாளர் மீதான கட்டுப்பாடுகளைத் தளர்த்தும்படி கேட்க வேண்டியிருந்தது.

6. ருவாண்டாவும் ஹெய்டமும்: ஒரு நிமிடம் எண்ணுவது

சரி, இந்த ஆசிரியரை உருவாக்க முடியுமா? முடியும் என்பதற்கு இரண்டு சான்றுகள்.

1994 இனப்படுகொலையில் ருவாண்டா தன் சுகாதாரப் பணியாளர்களில் பெரும்பகுதியை இழந்தது. கொல்லப்பட்டவர்கள் ஒரு பக்கம், நாட்டைவிட்டு ஓடியவர்கள் ஒரு பக்கம். 2010 முதல் கிரேஹே, தெற்குக் கயொன்சா பகுதிகளின் ஆரம்பச் சுகாதார மையங்களில் ஒரு முறை பின்பற்றப்பட்டது. அனுபவமுள்ள ருவாண்டா நாட்டுச் செவிலியர்கள் வழிகாட்டிகளாக நியமிக்கப்பட்டனர். சில வாரங்களுக்கு ஒரு முறை ஒரு மையத்துக்குப் போய் இரண்டு மூன்று நாள் தங்குவார்கள். வகுப்பு எடுப்பதில்லை. அங்கிருக்கும் செவிலியர் நோயாளியைப் பார்க்கும்போது பக்கத்தில் அமர்ந்து கவனிப்பார்கள்.

இருமலோடு ஒரு பத்து மாதக் குழந்தை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 50 மூச்சு அல்லது அதற்கு மேல் என்றால் வேகமான சுவாசம். நிமோனியா என்று வகைப்படுத்த வேண்டும். ஒரு வயது தாண்டிய குழந்தைக்கு 40. புத்தகத்தில் இது இரண்டு வரி. வெளியே நாற்பது தாய்மார் காத்திருக்கும்போது செவிலியர் செய்வது, பதினைந்து விநாடி எண்ணி நான்கால் பெருக்குவது. குழந்தையின் மூச்சு சீராக இருப்பதில்லை. சில விநாடி வேகமாக ஓடும், சில விநாடி தயங்கும். பன்னிரண்டு என்று எண்ணியது 48 ஆகும், பதின்மூன்று என்று எண்ணியது 52 ஆகும். ஒரே ஒரு மூச்சில் மருந்து மாறுகிறது. அழும் குழந்தையிடம் எண்ணினால் அது எண்ணே அன்று. தாயிடம் பால் கொடுக்கச் சொல்லி, அடங்கிய பிறகு சட்டையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து முழு நிமிடம் எண்ண வேண்டும். வழிகாட்டிச் செவிலியர் இதைத் தாயின் முன்னால் சொல்லித் திருத்துவதில்லை. குழந்தைக்கு ஆபத்து என்றால் மட்டுமே குறுக்கிடுவார். தாய் போன பிறகு பேசுவார்கள். கடிகாரம் இல்லை, மருந்து இல்லை, படிவம் இல்லை என்றால் அதையும் எழுதி மாவட்டத்துக்கு எடுத்துப் போவார். எனக்கு இந்தக் கடைசிப் பகுதி மிகவும் பிடித்தது. வெறும் மேற்பார்வையாளர் குறிப்பேட்டில் 'கடிகாரம் இல்லை' என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்.

இந்த முறை நடந்த மையங்களில் குழந்தையின் நோயைச் சரியாக வகைப்படுத்தியது 56 சதவீதத்திலிருந்து 91.5 சதவீதமாக உயர்ந்தது என்று 2015இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

இரண்டாவது சான்று தான்சானியாவின் ஹெய்டம் மருத்துவமனை. பிறந்ததும் அழாத குழந்தைக்கு மூச்சு வரவழைக்கும் பயிற்சியைப் பொம்மை வைத்து ஒரு நாள் நடத்தினார்கள். ஏழு மாதம் கழித்துப் பார்த்தபோதும் பொம்மையிடம் பெரும்பாலோர் நன்றாகவே செய்தார்கள். லேபர் ரூமில், உண்மைக் குழந்தையிடம், பழைய பழக்கம் அப்படியே இருந்தது. பிறகு முறையை மாற்றினார்கள். பொம்மையை லேபர் வார்டிலேயே வைத்து, டூட்டிக்கு நடுவே சில நிமிடம் அடிக்கடி பழக வைத்தார்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்கு 11.1 என்றிருந்தது 7.2 ஆகக் குறைந்தது. பொம்மை அதே பொம்மை. சிமுலேஷன் லேப் கட்டிவிட்டால் வார்டு தேவையில்லை என்று நினைக்கும் கல்லூரி நிர்வாகங்கள் ஹெய்டத்தின் இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும்; முதலாவதை மட்டும் படித்தால் போதாது.

7. யார் சம்பளம் தருவது

இனி நடைமுறை. வார்டில் கற்பிப்பவருக்குத் தனிப் பணியிடம் வேண்டும். 'இருக்கிற சிஸ்டர் பார்த்துக்கொள்வார்' என்பது ஏற்பாடு ஆகாது. சம்பளம், வகுப்பறையில் மட்டும் கற்பிக்கும் ஆசிரியரைவிடக் குறைவாக இருக்கக் கூடாது. இப்போது பல நாடுகளில் பதவி உயர்வு என்றால் நோயாளியிடமிருந்து விலகி அலுவலகத்துக்குப் போவது என்றே ஆகிவிட்டது. திறமைசாலியை வார்டிலிருந்து அகற்றுவதற்கு இதைவிட உறுதியான வழி கிடையாது. நெருக்கடிக் காலத்தில் வெளிநாட்டு நிபுணரை மூன்று மாதத்துக்கு அனுப்பும் பணத்தில், உள்ளூர் வழிகாட்டிச் செவிலியர்கள் பலருக்கு ஆண்டு முழுவதும் ஊதியம் தரலாம். உள்ளூரில் யாருமே மிஞ்சாத இடத்துக்கு வெளிநாட்டவர் போகட்டும். ஆனால் தமக்குப் பதிலாக நிற்க ஒருவரைத் தயார் செய்வதே அவருடைய வேலை என்று ஒப்பந்தத்தில் எழுதப்பட வேண்டும்.

இணையவழிப் படிப்பு பற்றிக் கேட்பீர்கள். ருவாண்டா தன் பழைய செவிலியரின் தகுதியை உயர்த்த அதைப் பயன்படுத்தியது. பாடத்தைக் கொண்டுபோக அது நல்ல வாகனம். மூச்சை எண்ண அது பக்கத்தில் உட்காராது.

நமக்கும் இதில் பங்கு உண்டு. 2014 ஜூலையில் இராக்கின் திக்ரித் மருத்துவமனையில் போருக்கு நடுவே சிக்கி மீண்ட 46 இந்தியச் செவிலியர்களை நினைவிருக்கும். ஏறக்குறைய எல்லோரும் கேரளப் பெண்கள். தூத்துக்குடிப் பெண்ணும் ஒருவர். அவர்கள் பத்திரமாகத் திரும்பியதில் நாமெல்லாம் மகிழ்ந்தோம். அதே ஆண்டு லிபியாவிலிருந்து பிலிப்பைன்ஸ் செவிலியர்கள் வெளியேறும் நிலை வந்தபோது, மருத்துவமனைகள் முடங்கிவிடும் என்று லிபிய அதிகாரிகள் அஞ்சினார்கள். 2015இல் ஏமனிலிருந்தும் நம் செவிலியர்கள் திரும்பினார்கள். எண்ணெய் விற்ற பணத்தில் செவிலியரை வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்த நாடுகள், தம் பெண்களுக்கு வார்டில் நின்று கற்பிக்கும் மரபை வளர்க்கவில்லை. வாங்கிய செவிலியர் விமானம் ஏறியதும் கட்டிலருகே ஆளில்லை. நம் பெண்கள் அங்கே ஊசி போட்டார்கள், டிரிப் மாற்றினார்கள். யாருக்கும் கற்பிக்கும்படி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை.

இன்று ஜெர்மனியும் ஜப்பானும் பிரிட்டனும் நம் செவிலியரைக் கேட்கின்றன. அதே பிரிட்டன் மலாவியிலிருந்து ஆள் எடுத்த நாடு. ஆள் பற்றாத 55 நாடுகளின் பட்டியலை உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்டு, அங்கிருந்து ஆள் தேடிப் போகாதீர்கள் என்றது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம்மிடம் பேரம் பேசும் வலு இருக்கிறது. அடுத்த ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது மொழிப் பயிற்சிக்கும் விசாவுக்கும் விதிமுறை எழுதுவதோடு ஒரு பிரிவைக் கூடுதலாகச் சேர்க்கக் கேட்கலாம்: நூறு செவிலியரை எடுத்துக்கொள்ளும் நாடு, அனுப்பும் மாநிலத்தில் இத்தனை வார்டு ஆசிரியர் பணியிடங்களின் ஊதியத்தை இத்தனை ஆண்டுக்கு ஏற்க வேண்டும். அந்த 'இத்தனை' எத்தனை என்பதைச் செவிலியர் கவுன்சில்களும் சங்கங்களும் உட்கார்ந்து கணக்கிட வேண்டும். நம் அரசு அதைக் கேட்டு வாங்கினால், மலாவியும் சியரா லியோனும் தங்கள் பேச்சுவார்த்தையில் நம் ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டலாம்.